அண்டாவுக்கு விலகிய அடி

இஞ்சோன் துறைமுகத்தில் பிறந்தவன்தான் மௌ,
ஆனாலும் பத்திரத்தில் அயலான்.
சமையலறையை அகலப்படுத்த அவனுக்கு
ஒரு கொரியப் பெயர் வேண்டியிருந்தது.
என் பெயரைக் கொடுத்தேன்.
வாடகைக்குப் பதிலாகக்
கும்பிடுபூச்சியின் நாற்பத்தோரு அசைவுகளைக் கேட்டேன்.

ஒரே வயது எங்களுக்கு.
குருவே என்றால் சிரிப்பான்.
கை மாவைத் தட்டிவிட்டு,
"பாக்கியில் எத்தனை கழிந்தது?" என்பான்.

கடை அடைக்க இரவு பத்து.
ஊரடங்குச் சங்கு பன்னிரண்டுக்கு.
வீட்டுக்கு ஓட இருபது நிமிடம்.
மிச்ச நேரத்துக்குள் பிடி, கொக்கி, வெட்டு,
வெங்காயத்தோல் ஒட்டிய ஈரத்தரையில்.
அவன் கிறுக்கித்தந்த எழுத்துகளை
எங்கள் உச்சரிப்பில் படித்தேன்.
தாங்லாங் என்றான் அவன். தங்னாங் என்றேன் நான்.
பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எழுபத்தேழில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்பினான்,
என் பெயரில் இருந்த கடையை
எனக்கே விற்றுவிட்டு.
அதுவரை முப்பத்தெட்டு வந்திருந்தன.
மீதி மூன்றையும் கிம்போ விமான நிலையத்தில்
பெட்டிகளுக்கு நடுவே நின்று
இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினான்.
கால் எங்கே போகும் என்று கேட்பதற்குள்
அழைத்துவிட்டார்கள்.

கப்பல் விட்ட பிறகு வெய்ஹாய் போனேன்.
விடிகாலைப் பூங்காவில் பதினொரு பேர்.
வரிசையின் ஓரத்தில் சேர்ந்துகொண்டேன்.
பதினேழாவது அசைவில்
எல்லோரும் வலப்பக்கம் பாய,
நான் மட்டும் பின்வாங்கி, சுழன்று,
இடப்பக்கம் வந்து நின்றேன்.
வரிசை நின்றுவிட்டது.

ஹாவ் குய்லான், பேருந்து நடத்துநர், கேட்டாள்:
"இது எந்தக் கிளை?"

அப்போதுதான் உறைத்தது.
வலப்பக்கம் நூடுல்ஸ் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.
மூன்று வருடமும், ஒவ்வொரு இரவும்.

அதைச் சொல்ல என் சீனம் போதவில்லை.
தரையில் வட்டம் போட்டேன்,
ஆவி எழுவதைக் கையால் காட்டினேன்.
அதையும் ஒரு பிடி என்று நினைத்து
இரண்டு பேர் செய்துபார்த்தார்கள்.

கடைசி மூன்றின் கால்களைக் குய்லான் காட்டினாள்.
மேல்பாதி மௌவுடையது, கீழ்பாதி அவளுடையது.
இடுப்பில் இன்னும் ஒரு மடிப்பு விழுகிறது.

குளிர்காலம் முழுக்கப் பதினேழாவதைத் திருத்தினேன்.
பழைய அடி முழங்காலுக்குள் முரண்டுபிடித்தது,
விலகு, விலகு என்று.

வசந்தத்தில் மறுபடி கப்பல்.
குய்லானுக்கு இடப்புறம் இடம் கிடைத்தது.
பதினேழாவதில்
நான் தைரியமாக வலப்பக்கம் பாய்ந்தேன்.
அவள் அண்டாவுக்கு விலகினாள்.

தோளோடு தோள் மோதி
இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம்.
எழாமல் கொஞ்சம் படுத்திருந்தேன்.
அந்த இடம்
சுடவில்லை.