பாடு

கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
முதல் உயிர். கடலுக்குள். முந்நூற்றைம்பது கோடி ஆண்டுக்கு முன்.
வலது ஓரத்தில், மரச்சட்டத்தின் மேல்,
சாக்பீஸ் தூசியில் நாம்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன்.
ஆற்றில் குளிப்பேன்; கடலில் முட்டி நனைத்ததில்லை.
உவரியில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குக்
கடலைச் சொல்லிக்கொடுக்க
தினமும் திசையன்விளை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

துடுப்புக்குள் எலும்பு வைத்த மீனை வரைந்தேன்.
"சப்பையா இருக்கு சார்,
வாலை இன்னும் இறக்கிப் போடுங்க" என்றாள் ரெமீஜியா.
இறக்கிப் போட்டேன். மீன் உடனே நீந்திற்று.

அது கரையேறியது என்றேன்.
கஸ்பார் எழுந்தான்:
"எதுக்கு சார் ஏறிச்சு? பாடு இல்லையா?"

ஆழங்குறைந்த நீர், ஆக்சிஜன், பகைமீன் என்று
புத்தகத்தில் மூன்று வரி.
மூன்றையும் படித்தேன்.
"அப்ப பாடு இல்லதான்" என்று உட்கார்ந்தான்.
அவன் அண்ணன் தம்மாமில் ஏசி மாட்டுகிறான்.
இவனையும் எப்படியாவது கரையேற்றிவிடச் சொல்லி
போன வாரம்தான் அம்மா வந்து போனாள்.

மணியடிக்க நாலு நிமிடம்.
பாடத்தில் இல்லாததைச் சொன்னேன்:
ஓங்கலின் மூதாதைக்கு நாலு கால் இருந்தது.
கரையில் நடந்து, கரையில் ஈன்று,
பிறகு திரும்பிப் போய்விட்டது.

யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
"அதான் மூச்சுக்கு மேல வருது"
என்றது கடைசி பெஞ்சு, தனக்குள்.

மறுநாள் சாளைப் பாடு.
பதிவேட்டில் பதினோரு பேர் இல்லை.
கஸ்பார் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.