சிக்கிக்கொண்ட பொத்தான்

உலான்பாத்தர். சனிக்கிழமை, காலை எட்டரை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஹோட்டலின் இரண்டாம் மாடியில்
ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒலிப்பதிவுக் கருவி.
முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்றாள்.
ல்ஹாக்வசுரென்.
இரண்டு முறை முயன்றாள்,
மூன்றாம் முறை நாக்கைக் காப்பாற்றிக்கொண்டாள்.
ல்ஹாக்வ என்றால் புதன்கிழமை,
புதன் என்றே கூப்பிடுங்களேன் என்று
சொல்லத் தோன்றியது.
அதற்கு மதிப்பெண் உண்டா, தெரியவில்லை.

இசையைப் பற்றிப் பேசலாம்.
நீங்கள் அடிக்கடி இசை கேட்பீர்களா?

பயிற்சி வகுப்பில் செரென்துலாம் டீச்சர்
இதற்கென்றே ஒரு பதில் தைத்துக் கொடுத்திருந்தார்.
இசை என் வாழ்வின் பிரிக்க முடியாத அங்கம்.
அது என் மன அழுத்தத்தைப் போக்குகிறது.
பதினேழு பேருக்கும் ஒரே அளவுச் சட்டை.
எனக்கு முன்னால் உள்ளே போன மூவரும்
அதைத்தான் மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.
வாயைத் திறந்தேன்.
அக்குளில் பிடித்தது.

இல்லை, என்றேன்.
நான் கிரேன் ஓட்டுகிறவன். கோபியில், செம்புச் சுரங்கத்தில்.
கூண்டுக்குள் பாட்டு கூடாது, விதி.
பன்னிரண்டு மணி நேரம் காதில் வாக்கிடாக்கி மட்டும்.
மேலே. கீழே. மெல்ல. நிறுத்து.
இந்த நான்கு சொல்லும் எனக்கு
ஆங்கிலத்தில் அருமையாக வரும்.

அவள் முகம் அசையவில்லை.
அசையக்கூடாதாம், அவளுக்கும் விதி.
காகிதத்தைப் பார்த்தாள்.
உங்களுக்கு மிகவும் பிடித்த இசை எது?

தோர்லிக்.

அவர் பாடகரா?

இல்லை. கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறவன்.
ஒருநாள் அவன் வாக்கிடாக்கியில்
பொத்தான் சிக்கிக்கொள்கிறது.
தடித்த கையுறை, அவனுக்குத் தெரியவில்லை.
காற்று அதிகம், வேலை நின்றிருக்கிறது,
கொக்கி வெறுமனே தொங்குகிறது.
அவன் பாடுகிறான்.

சுருதி அவன் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.
ஒரு பெண்ணின் பெயர் வரவேண்டிய இடத்தில்
ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்து
திரும்ப முதலடிக்கே போகிறான்.
ஏழு கிரேன், லாரி ஓட்டிகள், பாதுகாப்பு அதிகாரி,
எல்லாருக்கும் ஒரே அலைவரிசை.
அவன் பொத்தான் அமுங்கியிருக்கும் வரை
வேறெவர் குரலும் அதில் ஏறாது.
யாராவது நடந்துபோய்த் தோளைத் தட்டலாம்.
பாதுகாப்பு அதிகாரியே போகவில்லை.
நாற்பது நிமிடம்.

இதையெல்லாம் நான் சொன்னது என் ஆங்கிலத்தில்.
காற்று வரவேண்டிய இடத்தில் ஜன்னல் வந்தது.
கையுறைக்குச் சொல் கிடைக்காமல்
கையைத் தூக்கிக் காட்டினேன்,
கருவியில் கை பதிவாகாது.

நன்றி, என்றாள், என் வாக்கியத்தின் நடுவில்.
இப்போது காலணிகளைப் பற்றிப் பேசலாம்.

அவளுக்கு முடிவு தெரியாமலே போயிற்று.
அவன் மூக்கைச் சிந்தியது,
அதுவும் எல்லாருக்கும் கேட்டது,
பொத்தான் தானே விடுபட்டது,
நான்தான் முதலில் பேசினேன்:
தோர்லிக், காற்று குறைந்ததா?
இன்னும் இல்லை, என்றான்.
கேட்ட ஒருவரும் இன்றுவரை
அவனிடம் அதைச் சொல்லவில்லை.

காலணிகளைப் பற்றி நன்றாகப் பேசினேன்.
அவை என் வாழ்வின் பிரிக்க முடியாத அங்கம்.

ஐந்தரை வந்தது. ஆறு வேண்டும்.
என்ன சொன்னாய் என்று டீச்சர் கேட்டார்.
அப்படியே எழுதிக் காட்டினேன்.
பாடுகிறான், பாடுகிறான் என்று
எத்தனை இடத்தில், பார், என்றார்.
முடிந்துபோனதை முடிந்ததாகச் சொல்லவேண்டும்.
சிவப்பு மையால் ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

தோர்லிக் இப்போது கொரியாவில்,
ஏதோ பெயின்ட் ஆலையில் என்கிறார்கள்.
நம்பர் மாறிவிட்டது.
அங்கேயும் கையுறை கொடுப்பார்கள்.

தலையாட்டினேன்.
மார்ச் மாதத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.