இருபத்தேழில் பதினொன்று

உலகத்துக்கே இருபத்தேழு வண்டிதான் செய்கிறார்கள்.
ஒவ்வொன்றிலும், ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால் போகும் தகடு
சேதராப்பட்டில் எங்கள் கொட்டகையிலிருந்து போகிறது.
வாங்கியவன் அதைப் பார்க்கப்போவதில்லை.
மேலே மெத்தை, மெத்தைமேல் தோல்,
தோலில் அவன் பெயரின் முதலெழுத்து.

கரியிழைத் துணி கல்லாக உறைந்து வரும்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
உறையை உடனே பிரிக்கக் கூடாது.
ஐப்பசியில் பிரித்தால்
பாண்டிச்சேரி மொத்தமும் வந்து அதன்மேல் வியர்க்கும்.
ஆறுமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க
எனக்குச் சம்பளம்.

பிறகு அடுக்கு.
நேராக ஒன்று, நாற்பத்தைந்து பாகையில் ஒன்று,
எதிர்ச்சாய்வில் ஒன்று.
பாவும் ஊடும் பிசகினால்
மணிக்கு முந்நூற்றெண்பதில் தகடு முனகுமாம்.
அந்த வேகத்தில் யாருக்குக் கேட்கும் என்றேன்.
பூவராகன் சொன்னான்:
"காசு குடுத்தவனுக்கு எல்லாம் கேக்கும்."

வரைபடம் கேட்டது நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பத்தாவது தகடு நானூற்றுப் பதினெட்டு.
ஆறு கிராமுக்காக
இரவு இரண்டு மணிக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு.
ஆறு கிராம் என்றால் முக்கால் பவுன்.
என் கழுத்தில் இருந்ததும் அவ்வளவுதான்;
அது குறைந்தபோது
யாரும் யாரையும் எழுப்பவில்லை.

பதினொன்றில்
மூலையில் துணிமேல் துணி ஏறும் இடத்தை
இரண்டு மில்லிமீட்டர் சுருக்கினேன்.
காற்றை உறிஞ்சும் பையில் எங்கோ ஊசிமுனை ஓட்டை.
விசிறியை நிறுத்தி, பூவராகன் வாயையும் நிறுத்தி,
காதை வைத்துத் தேடினேன்.
தூங்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி இருந்தது.
விரலால் மூடினேன்.
அடுப்பில் நூற்றிருபது பாகை, ஆறு மடங்கு அழுத்தம், ஒரு ராத்திரி.

நானூற்றுப் பன்னிரண்டு.

கடைசி இரண்டு அடுக்குக்கு நடுவே
தொப்பியை மீறி விழுந்த என் முடி ஒன்று இருக்கிறது.
கறுப்பில் கறுப்பு.
தராசுக்கும் தெரியவில்லை,
நானும் சொல்லவில்லை.

தை மாதம் அந்த வண்டியே வந்தது.
இங்கே வரி சல்லிசு, நம்பர் இங்கே வாங்கலாம்,
ஒரு முகவரி போதும்.
முத்தியால்பேட்டை, சவரிநாதன் வீடு, மாடிப்போர்ஷன்.
நான் வாடகைக்கு இருக்கும் அதே மாடி.
சவரிநாதன் எவ்வளவு வாங்கினார் என்று
இன்றுவரை தெரியாது.

வீட்டின் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம்.
வண்டியின் வயிறு தரையிலிருந்து நாலு விரல்.
எங்கள் தெரு வேகத்தடை ஏழு விரல்.
மூக்கைத் தூக்கும் பொத்தானை டிரைவர் அமுக்கினான்,
மூக்கு ஏறியது, வயிறு உட்கார்ந்தது.
ஆயிரத்தைந்நூறு குதிரைச் சக்தி
மீன்கூடைச் சைக்கிளுக்கு வழிவிட முடியாமல் நின்றது.
பையன்கள் பலகை கொண்டுவந்தார்கள்.
பலகை நுழையவில்லை.

மாடிக்கு ஓடினேன்.
தண்ணீர் டிரம்மை மூடியிருந்த பத்தாவது தகட்டை எடுத்து வந்து
வயிற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே செருகினேன்.
ஆறு கிராம் அதிகமானது,
வழுக்கிக் கொடுத்தது.
பதினொன்று அதன்மேல் சத்தமில்லாமல் சறுக்கி இறங்கியது.

டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டான்:
"இது யார் வீடு?"
"உங்க முதலாளி வீடுதான். மேல வந்து பாக்குறீங்களா?"
அவன் சிரிக்கவில்லை. போட்டோ எடுத்தான். போனான்.

தகட்டைக் கழுவி டிரம்மை மூடினேன்.
ஒரு கீறல், குறுக்காக.

அந்தப் பெயருக்கு இன்னும் எனக்குத் தபால் வருகிறது.
போன வாரம் ஒரு சலான்:
எங்கோ நெடுஞ்சாலையில், விடியற்காலை மூன்று பத்துக்கு,
மணிக்கு இருநூற்றுப் பதினெட்டு.
இருமுறை படித்தேன்.
முனகியதா என்று
அதில் எழுதவில்லை.