இடக்கைப் பிடி

எஸ்டேட் கொடுக்கிற கவாத்துக் கத்தி எல்லாம்
வலக்கைக்காரர்களுக்கே சாணை பிடித்தது.
என் கையில் அது
தேயிலைக் கொம்பை வெட்டாது, கடிக்கும்.
பட்டை உரிந்து தொங்குவதைக் காட்டி
மேஸ்திரி கேட்பார்:
"எலி கொறிச்சதா, அமலோற்பவம்?"

அரவேணு வெல்டிங் பட்டறையில்
பெள்ளிராஜ் அடித்துத் தந்த முதல் கத்தி
மூன்றாம் நாள் முறிந்தது.
பெரிய சத்தம்கூட இல்லை,
பீங்கான் கோப்பையின் காது உடைகிற மாதிரி
ஒரு 'டிக்'.

சண்டை போடத்தான் போனேன்.
முறிந்த வாயை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.
"ரவை ரவையாத் தெரியுது பாருங்க.
சூடு மிஞ்சிப்போச்சு. தப்பு என்னுது."
அதற்கப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

மறுபடி லாரிப் பட்டை. மறுபடி கரி.
இந்த முறை, செத்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தைக்
கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.
சிவந்த இரும்பை அருகே கொண்டுபோனார்.
காந்தம் தாவியது. இன்னும் இல்லை.
தாவியது. இன்னும் இல்லை.
பிறகு ஒருமுறை,
கடன் கொடுத்தவரைக் கண்டவன் போல
முகம் திருப்பிச் சும்மா தொங்கியது.
அந்த நொடியில் எண்ணெய்க்குள் இறக்கினார்.
பட்டறை முழுக்க பஜ்ஜிக்கடை வாசம்.

"இப்ப இது கண்ணாடி.
கீழ விழுந்தா உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."
விறைப்பு இறங்க
மெல்லிய சூட்டில் இரண்டு மணி நேரம் கிடக்க வேண்டுமாம்.
அவ்வளவு பொறுமையான நெருப்பு
பட்டறையில் இல்லை.
கபூர் பாயின் பேக்கரியில் இருந்தது.

விறகடுப்பில் கடைசி ஈடு வர்க்கியோடு
உப்புத்தாளில் தேய்த்து வெளுத்த கத்தியும் போனது.
"என் வர்க்கியில எண்ணெய் வாடை வந்தா
ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவேன்" என்றார் பாய்.
நான் நின்ற இடத்தில் மாவு இருந்தது.
"ஒரு உருண்டை எடுத்துப் பிடிங்க,
வெட்டும்போது பிடிப்பீங்களே, அப்படி" என்றார் பெள்ளிராஜ்.
பிடித்தேன்.
மாவில் மூன்றரைப் பள்ளம்.
சுண்டுவிரலின் மீதிப் பாதி
இலை அரைக்கும் மெஷினில் போனது,
ஃபேக்டரியில் இருந்த வருடம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அந்த உருண்டையையும் பாய் அடுப்புக்குள் தள்ளினார்.

பாய் கடிகாரம் பார்க்கவில்லை, மோந்து பார்த்தார்.
கத்தி வெளியே வந்தபோது
அறுப்பு முடிந்த வைக்கோலின் நிறம்.

அடுத்த ஞாயிறு
பிடுங்கிப் போட்ட தேயிலை வேரில் பிடி செதுக்கியிருந்தார்.
சாணை மறுபுறம்.
சுண்டுவிரல் பக்கம் ஒரு மேடு,
விரல் இல்லாத இடத்தை அது நிரப்பியது.

திங்கட்கிழமை முதல் செடி.
சரிந்த வெட்டில் நகம் வழுக்கியது.
மேஸ்திரி குனிந்து பார்த்தார்,
தொண்டையைச் செருமிக்கொண்டு
பக்கத்து நிரைக்குப் போனார்.

மாதிரிக்கு வைத்த வர்க்கியை
பெள்ளிராஜ் திருப்பிக் கொடுத்திருந்தார்.
பத்து மணித் தேநீரில்
மரத்தூளை ஊதிவிட்டுத் தோய்த்தேன்.
சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் கரைந்தது.