பசை வாளி

ஆல்பர்ட் கப்பலேறிப் போனபின்
அவன் ஏணி எனக்கு வந்தது.
மூன்றாம் படி ஆடும்.
வாளியும் வந்தது, நீளக் கைப்பிடித் தூரிகையும்,
அவன் சம்பளத்தில் முக்கால் பங்கும்.

ஹல் நகரத்துச் சுவர்களில்
முட்டைக்கோஸ் ஒட்டுவது என் வேலை.
காளைத் தலையளவு முட்டைக்கோஸ்.
பக்கத்தில் ஒருவன் மண்வெட்டியோடு சிரிப்பான்,
நகத்தில் ஒரு பொட்டு மண் இல்லாமல்.
மேலே சிவப்பில்:
‘உன் கொல்லையும் ஒரு போர்முனை.’

என் கொல்லை முழுக்க சிமெண்ட்.
கரி கொட்டும் மூலையில் ஒரு சாக்கடை மூடி.
இதில் எதை விதைக்க என்று
சிரிக்கிறவனைக் கேட்டுக்கொண்டே
அவன் முகத்தில் பசை தடவுவேன்.

பசைக்கு மாவு தருவார்கள். வண்டு விழுந்த மாவுதான்,
ஆனாலும் மாவு.
மூட்டைக்கு ஒரு பொட்டலம் மயில்துத்தம்.
பூஞ்சை வைக்காமலிருக்க, என்றார் கிடங்குக்காரர்.
நாங்கள் வாய் வைக்காமலிருக்க என்று
அவர் சொல்லவில்லை.

எதிர்வீட்டு மிசஸ் ஆல்ட்ராய்ட்
மாடிக் குளியல் தொட்டியில் மண் நிரப்பி
முள்ளங்கி போட்டிருந்தாள்.
மார்ச்சில் இரண்டு இரவு குண்டு விழுந்தது.
விடிந்தபோது தொட்டி நடுத்தெருவில் இருந்தது,
நிமிர்ந்து, முள்ளங்கியோடு.
சுற்றி நின்றோம்.
அவளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
யாரும் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் வெந்நீர் கொதித்தது.
பொட்டலத்தைப் பிரிக்க என் கை போகவில்லை.
மாவைச் சலித்தேன். உப்புப் போட்டுக் கிண்டி
இரண்டு கிண்ணம் எடுத்துவைத்தேன்.
சிரில் முகம் சுளித்தான்.
மர்ட்டில் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தையும் நக்கினாள்.
மிச்சத்தை வாளியில் ஊற்றிக்கொண்டு
ஏணியைத் தூக்கினேன்.

அப்படியே பதினோரு வாரம்.

நத்தைகளை நான் நினைக்கவே இல்லை.
ஜூன் மழைக்கு ஹெஸில் சாலைச் சுவரில் ஏறின.
துத்தமில்லாத பசை, நல்ல காகிதம்.
நாலே நாளில் முட்டைக்கோஸ் சல்லடை.
மண்வெட்டிக்காரனுக்குப் பாதிச் சிரிப்புதான் மிச்சம்.
மேலே போய்
போரைத் தின்றுவிட்டு
முனையை மட்டும் விட்டுவைத்திருந்தன.

மேற்பார்வையாளர் பிக்கர்ஸ்கில் வந்தார்.
குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.
காய்ந்த பசையைச் சுரண்டி
நகத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார்.
துத்தமென்றால் நாக்கு சுருண்டிருக்கும்.
சுருளவில்லை.
தரையில்தான் நின்றிருந்தேன்,
மூன்றாம் படி ஆடியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் எழுதினார்:
‘மழைச் சேதம். மறுபடி ஒட்டவும்.’

அடுத்த திங்கள் வந்த மூட்டையில்
நாலு கை மாவு குறைந்தது.
வாய்த் தையலை யாரோ பிரித்து
வேறு நிற நூலில் தைத்திருந்தார்கள்,
பழக்கமில்லாத கை, கோணல் கோணலாக.
நான் எடை போடவில்லை.
தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன்.

புது முட்டைக்கோஸைச் சுவரில் விரித்து
நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டேன்.
கீழே, செங்கல் இடுக்கில்
கொம்பு நீட்டி
ஒருவர் காத்திருந்தார்.