நாலு தகட்டு வில்

மல்லாவிச் சந்திக்குப் பின்னால்
தகரக் கூரைக் கராஜில்
என்ரை பழைய டீஎக்ஸ் கார்
சில்லு நாலும் கழன்று
பாலைமரக் குற்றிகளில் நிற்கிறது.

"அக்கா, இது வில்லே இல்லை" என்கிறான் ஜெயரூபன்
பின்பக்கத் தகடுகளைக் கம்பியால் தட்டி.
"வில்லெண்டால் வளைஞ்சிருக்க வேணும்.
இது நிமிர்ந்து போய்
மற்றப் பக்கம் வளையப் பாக்குது."

பதினொரு பேர், இரண்டு மூட்டை அரிசி,
ஒரு தையல் மெசின்,
மேலே கட்டிய வீட்டுக் கூரைத் தகரம்.
எந்த இடப்பெயர்வு என்று அவன் கேட்கவில்லை,
நானும் எண்ணிச் சொல்லவில்லை.
பாரத்தை இறக்கிய பிறகும்
அது இறக்கவில்லை.

யூ போல்டுகள் துருவில் ஒட்டிக் கிடந்தன.
மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டான்.
விடிய இரண்டு இளகின.
மற்றதுகளைக் கிறைண்டரால் அறுக்க
பொறி பறந்தது.
வாங்கில் சாய்ந்திருந்த இவர்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாற எல்லாருக்கும் அவனிடம் இருப்பது ஒரே மருந்து:
ஹையேஸ் வானின் தடித்த தகடொன்று கூட்டி
உயர்த்தி இறுக்கி விடுவது.
எட்டு மூட்டை நெல்லு ஏத்தலாம்,
கிரவல் றோட்டில் அடி தட்டாது.

"நான் நெல்லு ஏத்துறேல்லைத் தம்பி,
ஆளைத்தான் ஏத்துறன்.
முள்ளந்தண்டில, கீழயிருந்து மூண்டாவது எலும்புக்குப் பக்கத்தில
கச்சான் கொட்டை அளவு ஒரு துண்டு.
வவுனியாவில எடுக்கேலாது எண்டிட்டினம்,
கொழும்பில தொடமாட்டம் எண்டிட்டினம்.
மாசம் ஒருக்கா கிளினிக்."

ஸ்பானரை உள்ளங்கையில் கொஞ்சநேரம் உருட்டினான்.
பிறகு வேறு கணக்கு.
மெல்லிய தகடு நாலு, புதிசு.
நைலோன் புஸ் வேண்டாம்,
அது கனகாலம் நிக்கும், ஆனால் குத்தும்.
றப்பர்தான்.
காஸ் அடைத்த சொக் அப்சோபர் நாலு,
முன்னுக்குக் கொயில் ஸ்பிறிங் ஒரு சோடி.
தொகையைச் சொல்லும்போது மட்டும்
என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னான்.
சீட்டுக்காசு.
கோழிக்கூடு இந்த வருசமும் இல்லை.

பூட்டி இறக்கினால்
குதி உயர்ந்த செருப்புப் போட்டதுபோல
பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.
"ஒரு கிழமை ஓட அமரும் அக்கா."
இவர் ஏறுவதற்கு ஒரு சீமெந்துக் கல் வைத்தோம்.

இத்தனை வருசமும்
கண்ணை மூடிக்கொண்டே வழி சொன்னவர் இவர்.
பல்லைக் கடித்து "ம்ம்" என்றால் மதகு.
அடுத்தடுத்து இரண்டு "ஆ" என்றால்
முதிரை மரத்தடிப் பள்ளங்கள்.
நீளமாய் ஒரு மூச்சு விட்டால் தார் றோட்டு,
மாங்குளம் கிட்ட.
பள்ளத்தைப் பார்த்து நான் ஓடியதில்லை.
இவரைக் கேட்டு ஓடினேன்.

இன்றைக்கு மதகு வந்தது.
கையில் ஒரு சின்ன ஏற்றம்,
அதைவிடச் சின்னதாய் ஓர் இறக்கம்.
பின்சீட்டில் சத்தமில்லை.
முதிரை மரத்தடியிலும் இல்லை.
என் தோள்தான் பழக்கத்தில்
தனியே இறுகித் தனியே விட்டது.
கண்ணாடியைச் சரித்துப் பார்த்தேன்.
வாய் திறந்தபடி நித்திரை.

மூன்றாம் கியரிலிருந்து மாற்றலாமா என்று யோசிக்கையில்
கண் திறவாமலே கேட்டார்,
கொஞ்சம் எரிச்சலாய்:
"ஏனப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையே?"

நான் பதில் சொல்லவில்லை.
இவரின் முனகல் இல்லாததால்
இப்போதுதான் கேட்கிறது,
இடப்பக்க முன் சில்லடியில் எங்கோ
ஒரு நட்டுக் கிணுங்குவது.
வரும்வழியில் ஜெயரூபனிடம் காட்ட வேணும்.