கீழ்வரி

இறுதிப் பட்டியலில் ஐந்து படங்கள்.
ஐந்துக்கும் நாங்கள் வேறு பேர் வைத்திருந்தோம்:
கிணற்றுப் படம், லொறிப் படம்,
ஆஸ்பத்திரிப் படம், தாய்ப் படம்,
பிறகு, ரொமேஷ் பாதியில் எழும்பிப் போன படம்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் கடை.
நாலு பேருக்கு இரண்டு கொத்து.
தகரம் தகட்டில் அடிக்கும் சத்தத்துக்கு மேலால்
கத்தித்தான் கதைக்க வேண்டும்.
அதனால் எங்கள் அபிப்பிராயங்கள் எல்லாம்
உள்ளதைவிடப் பலமாகவே வெளியே வந்தன.

"கிணத்துப் படத்துக்குக் குடுக்காட்டி
இந்த நாட்டில விருதே வேண்டாம்,"
மேசையில் அடித்தான் ரொமேஷ்.
"பதினொரு நிமிசம் ஒரு வாளி இறங்குது.
ஒரு வெட்டு இல்லை."
"அந்தப் பதினொரு நிமிசமும் நான்
ஃபோன் பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் ஷிஃபானி.

அவளுக்கு லொறிப் படம்.
கதைக்காக இல்லை, பாட்டுக்காக இல்லை.
சாரதியின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்,
நடிகருக்கு இல்லாத மச்சம்,
எல்லாக் காட்சியிலும் ஒரே இடத்தில் இருந்ததாம்.
"யாரோ ஒருத்தி ஒவ்வொரு நாள் காலையும்
அளந்து அத வெச்சிருக்கா.
அவளுக்குக் குடுக்கட்டும்."

காண்டீபன் மட்டும் தொடவில்லை, தட்டையும் பேச்சையும்.
கொழும்புக்கு வந்து பதினாறு வருசம்.
சிங்களத்தில் விலை கேட்பான்,
பஸ்ஸை நிறுத்தச் சொல்லுவான், மன்னிப்புக் கேட்பான்.
மிச்சத்தைக் கீழ்வரியில் வாசிப்பான்.

"மகன் போறான்," என்று தொடங்கினான்.
"முத்தம் முழுக்க வெயில். கொடியில உடுப்புக் காயுது.
தாய் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறா.
போகாதை எண்டு சொல்லேல்லை.
கவனம் எண்டு சொல்லேல்லை.
மழை பெய்யுது எண்டு சொல்றா, மச்சான்.
அந்த வெயிலுக்க!"

அந்த நேரம் பார்த்துக் கொத்துச் சத்தமும் நின்றது,
முட்டை முடிந்துபோய்.

அந்தக் கீழ்வரியை எழுதியவள் நான்.
எழுத்தோட்டத்தில் என் பேர் இல்லை.
நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு,
மூன்று நாள் தவணை,
திரைக்கதைப் பிரதியில் ஒரு தாளைக் காணோம்,
இரவு இரண்டரை மணி,
காதுப்பொறியில் இடப்பக்கம் வேலை செய்யவில்லை.
தாய் சொன்னது: வஹனவா.
மூடுகிறேன். கதவைத்தான், வேறொன்றுமில்லை.
எனக்குக் கேட்டது: வஹினவா.
நடுவில் ஓர் இகரம்,
அதற்குள் இருந்து கொட்டிய மழை.

ஷிஃபானியின் கரண்டி பாதி வழியில் நின்றது.
மருதானையில் வளர்ந்தவள்.
அவளுக்குக் கீழ்வரி தேவையில்லை.
என்னைப் பார்த்தாள்.
பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
பிறகு குழம்புக் கிண்ணத்தை
என் பக்கம் தள்ளிவிட்டு,
"நல்ல வசனம்தான்," என்றாள்.

ரொமேஷ் கிணற்றை மறந்திருந்தான்.
"அது எப்பிடியடா எனக்குப் படாமப் போச்சு?
நான் தமிழை வாசிக்கேல்லையே, காதாலதானே கேட்டனான்.
பின்னால ஒரு கோச்சி வேற போச்சுது..."
அவனை இருமல் காப்பாற்றியது, அல்லது என்னை.

சீட்டின் பின்பக்கத்தில் வாக்கு எழுதினோம்.
தாய்ப் படத்துக்கு இரண்டு. லொறிக்கு ஒன்று.
ஆஸ்பத்திரிப் படத்துக்கு ஒன்று:
அது என்னுடையது.
அதை நான் இன்னும் பார்க்கவேயில்லை.

பதினொன்றே கால்.
கேகாலைப் பொடியன் இரும்புத் திரையைப்
பாதிவரை இழுத்துவிட்டுக் குனிந்து சொன்னான்,
"வஹனவா, வஹனவா."

காண்டீபன் ஒழுங்கைப் பக்கம் கையை நீட்டினான்.
உள்ளங்கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து,
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
"ஓம்," என்றான்,
"கடல் பக்கமாத் தூறுது போல."